காப்பர் டி, கருத்தடை ஊசி என்றாலே நம் ஊர்ப் பெண்கள் ஏன் பின்வாங்குகிறார்கள்?

குடும்பக் கட்டுப்பாடே வேண்டாம் என்பவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15–49 வயதில் மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் இங்கே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். நாடு முழுக்கப் பார்த்தால் 38தான். "ரெண்டு பிள்ளை போதும், ஆபரேஷன் பண்ணிக்கறேன்" என்று சொல்ல யாரும் யோசிப்பதில்லை. முதல் பிள்ளைக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன செய்வது என்பதில்தான் பயம். அதை அறியாமை என்று தள்ளிவிடுவது பிரசாரம் செய்பவர்களின் சோம்பேறித்தனம்.

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள், சிசேரியன் என்றால் அப்போதே, போட்டுவிடலாம். ஆனால் பிரசவ வலியில் துடிப்பவளிடம் கேட்டு வாங்குவது சம்மதமாகாது. கேட்காமலே போட்டுவிட்டார்கள் என்ற புகாரும் இங்கே பழையது. கர்ப்பகால செக்கப்பிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். போட்ட பிறகு முதல் 3–6 மாதம் உதிரப்போக்கும் அடிவயிற்று வலியும் கூடும். முன்பே தெரிந்தால் பலர் பொறுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் இரண்டாம் மாதமே எடுக்கச் சொல்லி வருவார்கள். "நெஞ்சுக்கு ஏறிடும்" என்பது நடக்காது. கருப்பையைத் துளைப்பது ஆயிரத்தில் ஒருவருக்கு நேரலாம், அப்போதும் அது வயிற்றைத் தாண்டாது. உண்மையில் கவலைப்பட வேண்டியது நழுவி விழுவதைப் பற்றி. பிரசவத்தை ஒட்டிப் போட்டால் அந்த வாய்ப்பு அதிகம், அதனால் ஆறாவது வாரம் காப்பர் டியில் தொங்கும் நூல் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அரசு மருத்துவமனையில் இலவசம். முதலில் மாதவிலக்கு தாறுமாறாகும், போகப்போக நின்றேவிடலாம். "கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடும்" என்று நிறுத்துபவர்கள் நிறைய. தங்க அங்கே எதுவும் இல்லை, கருப்பையின் உள்சவ்வு வளர்வதே குறைந்துவிடுகிறது. நிறுத்திய பின் கரு தங்கக் கடைசி ஊசியிலிருந்து 7–10 மாதம் ஆகலாம். ஒரு வருடத்துக்குள் அடுத்த குழந்தை வேண்டும் என்பவருக்கு இது தோதுப்படாது.

ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனை மனைவிமாரே தடுப்பதுண்டு. கூலி வேலைக்குப் போகிறவருக்குத் தெம்பு போய்விடும் என்ற பயம் ஒன்று (போகாது). இன்னொன்று நியாயமானது: தப்பித் தவறிக் கரு தங்கினால் பழி அவள் மேல் விழும். ஆபரேஷன் ஆனதும் பலன் வராது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று தெரியும்வரை ஆணுறை கட்டாயம். பெரும்பாலும் இந்த டெஸ்டுக்குத்தான் யாரும் திரும்பி வருவதில்லை. ஆபரேஷன் அன்றே தேதியை எழுதி, அதுவரைக்கான ஆணுறையையும் மனைவி முன்னாலேயே கொடுத்தனுப்ப வேண்டும்.