பழைய மகிந்திரா ஜீப்புக்கு முழுசா ரேப்டர் கோட்டிங் அடிக்கலாமா?

கேட்டவர் கொடுத்த விவரம் இவ்வளவுதான்: மேலூர்ப் பக்கம் தோட்டம், பழைய எம்எம் 540, சீமைக்கருவேலப் புதருக்குள் புகுந்துதான் போய்வர வேண்டும், அவ்வப்போது தனுஷ்கோடிக்கும் ஓட்டிப் போவார். பாடி முழுக்க ரேப்டர் (காய்ந்ததும் சொரசொரப்பான கனத்த தோலாக இறுகும் ஸ்ப்ரே கோட்டிங்) அடித்தால் கீறலும் துருவும் ஒரேயடியாகத் தீருமா என்கிறார்.

கீறல் பெரும்பாலும் தீரும். துரு தீராது. துருப்பிடித்த தகட்டின் மேல் எந்தக் கோட்டிங்கை அடித்தாலும் வெளியே வண்டி கருகருவென்று ஜம்மென இருக்கும், உள்ளே தகடு தன் பாட்டுக்கு அரித்துக்கொண்டிருக்கும். சாதாரண பெயிண்ட் என்றால் கொப்புளம் கிளம்பிக் காட்டிக்கொடுக்கும். இது கனமான தோல், கடைசிவரை மூடி மறைத்துவிடும்.

என் ஜீப்புக்கு வில்லாபுரத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தோம். பெயிண்டர் முதலில் டப்பாவைத் தொடவே இல்லை. ரப்பர் மேட்டை உரித்துப் போட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார். டிரைவர் சீட்டுக்கு முன்னால், குதிகால் ஊன்றும் இடத்தில் ‘டங்’ என்ற சத்தம் ‘டொப்’ என்று மாறியது. “இங்க தகடு இல்லண்ணே, பெயிண்ட்டு மட்டும்தான் இருக்கு” என்றார். முனையை வைத்து அழுத்தியதும் கீழே சிமென்ட் தரை தெரிந்தது. மேட்டுக்கு அடியில் தேங்கும் ஈரம் செய்த வேலை. தனுஷ்கோடி மணலும் உப்பும் அங்கே ஒட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

அந்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங், டிங்கரிங், கிரைண்டர் வைத்துத் துருவை வெள்ளைத் தகடு தெரியும்வரை எடுப்பது, பிறகு எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு. காசும் நாளும் இதில்தான் கரையும். பழைய பெயிண்ட் நன்றாகப் பிடித்திருக்கும் இடங்களில் முழுசாக உரிக்க வேண்டியதில்லை. 180-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, தின்னர் துணியால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்தால் போதும். பளபளப்பு மிச்சமிருந்தால் பிற்பாடு பட்டை பட்டையாக உரியும். அடிப்பது மட்டும் பார்த்தால் அரை நாள் வேலை. கோட்டிங்குக்கு என்ன ரேட் என்று மட்டும் விசாரிக்காதீர்கள், தேய்ப்புக்கு எத்தனை நாள் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். “ஒரே நாள்ல முடிச்சிரலாம்ண்ணே” என்று பதில் வந்தால் அடுத்த பட்டறையைப் பாருங்கள்.

ரேப்டர் என்பது இரண்டு பாகப் பாலியூரித்தேன். முக்கால் லிட்டர் சரக்கு உள்ள குடுவையில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கால் லிட்டர் ஊற்றிக் குலுக்கி, அதிலேயே ஸ்ப்ரே கன்னை மாட்டி அடிப்பது. கம்ப்ரசர் காற்றைக் குறைத்தால் சொரசொரப்பு பெரிதாக வரும், கூட்டினால் பொடிசாக வரும். முதலில் ஒரு பழைய தகட்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சூடாக்கி அடிக்கும் பாலியூரியா வேறு ரகம்; சில நொடிகளில் இறுகிவிடும் சரக்கு, அதற்குத் தனி மெஷின் வேண்டும். தோட்டத்து ஜீப்புக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

நம்ம ஊருக்கு எந்த மாதம் என்பது முக்கியம். ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பி மேலெல்லாம் குட்டிக் குட்டிக் குமிழ் விடும், ஆகவே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் கலவை குடுவைக்குள்ளேயே சீக்கிரம் கெட்டிப்படத் தொடங்கிவிடும். மாசி, பங்குனியில், காலை வெயில் ஏறுவதற்குள் அடித்துவிடுவது நல்லது. மாஸ்கிங் டேப்பைக் கோட்டிங் ஈரமாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். காய்ந்த பிறகு இழுத்தால் ஓரமெல்லாம் பிய்ந்து வரும்.

அப்புறம், வீட்டுப் போர்டிகோவில் வைத்து அடிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வேண்டாம். அதே ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக் கூடியது. மூக்கில் கட்டும் கர்சீப் இதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் மாஸ்க்தான் நல்லது; குறைந்தபட்சம் ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம். பெயிண்டரிடம் இல்லாவிட்டால் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

முழு பாடிக்கும் நான் அடிக்கவில்லை. உள்தரை, மட்கார்டின் உள்பக்கம், கதவு மட்டத்துக்குக் கீழே முள் கிழிக்கும் பகுதி, பின்கதவின் உள்பக்கம், அவ்வளவுதான். பானட்டுக்கும் மேல்பகுதிக்கும் சாதாரண பெயிண்ட். நாளைக்கு எங்காவது இடித்து நசுங்கினால் டிங்கர் வேலைக்கு இந்தத் தோலைக் கிரைண்டர் வைத்துத்தான் எடுக்க வேண்டும், அது பெரும் அவஸ்தை. கீழ்ப்பக்கம் அடிக்கும்போது சைலன்சர், பிரேக், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் மூடச் சொல்லுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபட்டால் செய்ததெல்லாம் வீண்.

சேசிஸ் நம்பர் மேல் ஒரு துளி படக் கூடாது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது அந்த நம்பரைப் பார்ப்பார்கள். வண்டியின் நிறமே மாறுகிற அளவுக்கு அடிப்பதாக இருந்தால் ஆர்டிஓ ஆபீஸில் சொல்லி ஆர்சியிலும் நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடித்து ஒரு வாரம்வரை வாட்டர் சர்வீஸ் வேண்டாம், தோட்டத்துப் பக்கமும் வேண்டாம். அதற்குப் பிறகு கழுவும்போது துணி உதவாது, சொரசொரப்பில் நூல் நூலாகச் சிக்கும். துணி துவைக்கிற பிரஷ்தான் சரி.