மாசாமாசம் மதுரைக்குப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. விசைப்படகில் கடலுக்குப் போகிறார். எட்டு வருடமாகச் சுகர். மெட்ஃபார்மின், கிளிமிப்ரைடு இரண்டும் அரசாங்க மாத்திரைதான், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். போன மாதம் பார்த்த மூன்று மாதச் சராசரி 8.6. என் அக்கா வீட்டுக்காரர் மாதம் தவறாமல் மதுரைக்குப் போய் சுகர் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கிறார். 'நீயும் கூட்டிக்கிட்டுப் போ, இங்கேயே கிடந்தா கால எடுத்துருவாங்க' என்று அக்கா பயமுறுத்துகிறாள். லண்டனில் இருக்கும் என் கொழுந்தனுக்கும் சுகர். அவரோ 'இங்கே நான் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்ததே இல்லை, பக்கத்து டாக்டர்தான்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, கொழுந்தன் சொல்வது உண்மை. அக்காவின் பயத்திலும் அர்த்தம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் லண்டனை முடித்துவிடுவோம். பிரிட்டனில் டைப் 2 சர்க்கரை நோய் (நடுவயதில் பெரும்பாலோருக்கு வருகிற வகை) உள்ளவர்களில் பெரும்பாலானோரைக் குடும்ப டாக்டரும் அந்த கிளினிக் நர்ஸும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரப்பு நின்றுபோகிற வகை) நோயாளிகள், கர்ப்பிணிகள், காலில் புண் வந்தவர்கள், சிறுநீரகம் கெட ஆரம்பித்தவர்கள், இவர்கள்தான் ஆஸ்பத்திரி நிபுணரிடம் போவார்கள். ஆனால் உங்கள் கொழுந்தன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வருடாந்திரச் சோதனைக்கு வரச்சொல்லி அவருக்கு அழைப்பு வரும். கண்ணுக்குத் தனியாக ஒரு அழைப்பு. இரண்டு தடவை கண்ணில் ஒன்றுமில்லை என்று வந்தவர்களை 2023 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று மாற்றியிருக்கிறார்கள். கூப்பிட ஆள் இருப்பதால் அவர்களுக்கு அது சரிப்படும். நம் பக்கம் யாரும் அப்படிக் கடிதம் போடமாட்டார்கள். அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும்.

இனி மதுரை. தங்கச்சிமடத்திலிருந்து போக வர 300 கிலோமீட்டருக்கு மேல். பஸ் காசு, சாப்பாடு, டாக்டர் ஃபீஸ், ஒரு நாள் பாடு (அன்றைய கடல் வருமானம்). இவ்வளவும் செலவழித்து என்ன பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

சில வருடங்களுக்கு முன் கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். காய்ச்சல் என்று வந்தவர், கையில் தடியான ஃபைல் ஒன்று வைத்திருந்தார். வெளியூரில் ஒரு நிபுணரிடம் மாதாமாதம் போய் வந்ததற்கான சீட்டுகள், மொத்தம் 14. ஒவ்வொன்றிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை, அதே மாத்திரை. செருப்பைக் கழற்றுங்கள் என்றேன். 'காய்ச்சலுக்கு எதுக்கு சார் செருப்பு?' என்று கேட்டுக்கொண்டே கழற்றினார். வலது பாதத்தில், விரல்கள் தொடங்கும் இடத்தில், ஆணிக்கால் மாதிரி ஒரு கறுப்புத் தடிப்பு. அழுத்தினேன், சீழ் வந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே சீமைக்கருவேல முள் ஒன்று முக்கால் அங்குலத்துக்கு ஒடிந்து கிடக்கிறது. அவருக்கு வலியே இல்லை. 'செருப்புதான் நாறுதுன்னு நெனச்சேன் சார், ரெண்டு தடவை கழுவிப் போட்டேன்' என்றார். பெருவிரலுக்கு அடுத்த விரல் போயிற்று. அந்த 14 தடவையில் ஒரு தடவையாவது யாராவது காலைப் பார்த்திருந்தால் விரல் இருந்திருக்கும். நிபுணரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அரை மணி நேர வரிசையில் அரை நிமிடம் கிடைக்கிற எந்த இடத்திலும் இதுதான் நடக்கும், என் கிளினிக்கிலும் நடந்திருக்கும்.

அதனால் எத்தனை தடவை போகிறோம் என்று எண்ணாதீர்கள். எதை எதைப் பார்த்தாயிற்று என்று எண்ணுங்கள்.

உங்கள் கணவருக்கு இப்போதைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்த்தால் போதும். அது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலராக இருக்கலாம், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவாக இருக்கலாம், உங்கள் ஊர் எம்.டி. டாக்டராகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம், எடை, கால். கூடவே அந்த மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் கஞ்சி குடித்து வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டலாம், இதை ஏமாற்ற முடியாது. (கடுமையான ரத்தசோகை போன்றவை இருந்தால் இது தப்பாகக் காட்டலாம்.) பலருக்கும் 7-க்குக் கீழே என்பது இலக்கு. அந்த அளவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். 7-க்கும் 8-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பார்கள். பிரிட்டனில் புதிதாகச் சர்க்கரை வந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 1998-இல் வெளியானது. ஒரு பிரிவுக்குச் சராசரி 7.0, இன்னொரு பிரிவுக்கு 7.9. கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் முதல் பிரிவில் 25 சதவீதம் குறைவு.

சரி, 8.6 ஏன் வந்தது? மதுரைக்குப் பஸ் ஏறும் முன் வீட்டிலேயே இதைக் கேட்டுப் பாருங்கள்.

கடலுக்குப் போகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று. காலையில் போன படகு மறுநாள் காலைதான் கரைக்கு வரும். ராத்திரி தூக்கம் இல்லை, வலை வாங்கும் (இழுக்கும்) நேரத்தில் சோறு தள்ளிப்போகும். கிளிமிப்ரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மடமடவென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். படகில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது, யாருக்குத் தெரியும்? ஒரு தடவை அப்படித் தலை சுற்றி, கடலில் விழப் பார்த்தவர் அப்புறம் கடலுக்குப் போகிற நாளில் மாத்திரையைத் தொடமாட்டார். வீட்டிலும் சொல்லமாட்டார், டாக்டரிடமும் சொல்லமாட்டார். வாரத்தில் மூன்று நாள் மாத்திரை இல்லை என்றால் சராசரி 8.6 வராமல் வேறென்ன வரும்? டாக்டர் சீட்டைப் பார்ப்பார், மாத்திரை போதவில்லை என்று அளவைக் கூட்டுவார். கூட்டிய மாத்திரையைக் கரையில் இருக்கும் நாளில் போட்டால் இன்னும் ஆபத்து.

உங்கள் கணவர் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேளுங்கள், சண்டை போடாமல் கேளுங்கள். அப்படி இருந்தால் டாக்டரிடம் 'இவருக்கு வேலை கடலில், சாப்பாட்டு நேரம் நிச்சயமில்லை' என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். சர்க்கரையை அவ்வளவு கீழே இறக்காத மாத்திரைகள் இருக்கின்றன, கிளிப்டின் வகை அதில் ஒன்று. மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார், நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். படகில் ஒரு டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு சோறோ பிஸ்கட்டோ சாப்பிடவேண்டும். கூட வேலை செய்கிற இரண்டு பேருக்காவது அவருக்குச் சுகர் என்று தெரிந்திருக்கவேண்டும். இதில் என்ன கௌரவக் குறைச்சல்? பின்னால் எப்போதாவது இன்சுலின் போட நேர்ந்தால், ஊசி மருந்தை மீன் ஐஸ்பெட்டியில் வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் வேலைக்கு ஆகாது.

வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் பார்க்கவேண்டியவை கண், சிறுநீரகம், கால். டைப் 2-க்கு நோய் தெரிந்த நாளிலிருந்தே இந்தக் கணக்கு தொடங்கும். எட்டு வருடத்தில் இவருக்கு எத்தனை தடவை பார்த்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இல்லாததைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரித்து, விழித்திரையைப் பார்க்கவேண்டும். 'கண்ணு நல்லாத்தான் தெரியுது' என்பார். மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும்போது சிகிச்சைக்கான நல்ல காலம் பாதி போயிருக்கும். மதுரைக்குப் போவதென்றால் இதற்காகப் போங்கள், அதில் அர்த்தம் உண்டு. ராமநாதபுரத்திலேயே கண் பிரிவில் பார்த்தாலும் சரி. மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் இருப்பது தெரியாது. அவர் பைக் ஓட்டக்கூடாது, நீங்கள் கூடப் போங்கள்.

சிறுநீரகத்துக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய ஒரு கழிவு) மட்டும் பார்த்தால் போதாது, அது ஏறும்போது நிறையக் கெட்டிருக்கும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கடல் வேலை முடிந்து வந்ததும் உடம்புவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இந்தக் கடற்கரையில் சர்க்கரை கெடுத்த சிறுநீரகத்தைவிட, சர்க்கரையும் வலி மாத்திரையும் சேர்ந்து கெடுத்த சிறுநீரகங்கள்தான் என் கண்ணில் அதிகம் படுகின்றன. கருவாடும் ஊறுகாயும் ரத்த அழுத்தத்தை ஏற்றும், அதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

காலுக்கு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை வைத்துப் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். இழை வளைகிற அளவுக்கு அழுத்தியும் தெரியவில்லை என்றால் உணர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம். அப்படி வந்தால் வருடத்துக்கு ஒரு முறை என்பது ஆறு மாதமாகவும், முன்பே புண் வந்த காலாக இருந்தால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாகவும் மாறும். வீட்டில் தினமும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பாதத்தை, விரல் இடுக்கை நீங்கள் பாருங்கள். மணல் சுட்ட கொப்புளம், சிப்பி கிழித்தது, திருக்கை முள், கருவேல முள், எதுவாக இருந்தாலும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

எப்போது நிபுணர்? மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் அடுத்த ஆறு மாதத்தில் 8-க்குக் கீழே வரவில்லை என்றால். அடிக்கடி சர்க்கரை இறங்கினால். அல்புமின் கசிவோ கிரியேட்டினினோ ஏறிக்கொண்டே போனால். டைப் 1 பிள்ளைகளும், சர்க்கரை உள்ள கர்ப்பிணிகளும் தொடக்கத்திலிருந்தே நிபுணர் கையில்தான் இருக்கவேண்டும். உங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு இன்சுலின் அளவை மாற்றிக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ, அப்படியென்றால் மாதாமாதம் போவது சரியே. நான் சொன்னேன் என்று அங்கே போய்ச் சண்டை இழுக்காதீர்கள்.

நாள் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியவை: காலில் புண்ணோ கறுப்போ வந்தால், கடல் தண்ணீர் பட்ட காயம் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால் (கடல் நீரில் உள்ள சில கிருமிகள் சர்க்கரைக்காரர்களின் உடம்பில் மணிக்கணக்கில் பரவிவிடும்), விடாத வாந்தியும் மூச்சு வாங்கலும், திடீரென்று கண்ணில் திரை விழுந்தது போல இருந்தால். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அந்த வாரமே சளிப் பரிசோதனை, சர்க்கரைக்குக் காசநோய் சீக்கிரம் ஒட்டும்.

வீடு தேடி மாத்திரை வருகிறது என்றீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், கடற்கரையில் எத்தனையோ பேர் விட்ட மாத்திரையை மறுபடி எடுத்தது அதனால்தான். ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்துவிடுகிறதே என்று டாக்டர் முகத்தையே மறந்துவிடுகிறார்கள். வருகிற பணியாளரிடம் 'இவருக்குக் கண், கால், சிறுநீர் டெஸ்ட் எப்போது?' என்று கேளுங்கள்.

வருடாந்திரச் சோதனைக்கு நான் சொல்கிற காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கிற நாட்கள். கையில் காசு இருக்காது, தெரியும். ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனைகளுக்குக் காசு வேண்டாம், பாடு போகிறதே என்ற கவலையும் அப்போது இல்லை. இந்த வருடம் அதுவரை காத்திருக்காதீர்கள், 8.6-ஐ வைத்துக்கொண்டு அடுத்த வாரமே ஒரு தடவை போய்வாருங்கள்.

போகும்போது பழைய சீட்டுகளையும், மீதமிருக்கும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ந்திருக்கவேண்டியது தீராமல் இருந்தால் அட்டையே சொல்லிவிடும். நீங்களும் உள்ளே போங்கள். 'கடலுக்குப் போற அன்னைக்கு மாத்திரை போடுறீங்களா?' என்று டாக்டர் கேட்கும்போது அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட, உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.