விமான டிக்கட்டில் வாறதுக்கு ஒரு விலை, போறதுக்கு ஒரு விலை ஏன்? தூரம் ஒண்டுதானே?

இந்தக் கேள்வியைக் கண்டிட்டுப் பேசாமப் போக மனம் வரல்ல. நீங்களும் வெளிநாட்டில இருக்கிற ஆருக்கோ டிக்கட் எடுத்துக் குடுத்து, வீட்டில கணக்குக் கேட்டிருப்பாங்க எண்டுதான் நினைக்கிறன்.

என்ர கதை 2024ல நடந்தது. தம்பி கட்டாரில வேலை. அப்பா தவறி வந்த முதல் ஆடி அமாவாசை, ஆகஸ்ட் 4ஆந் திகதி. எங்கட மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில்ல தீர்த்தமாடி அவன்தான் பிதிர்க்கடன் செய்யவேணும் எண்டு அம்மா ஒரே பிடியா நிண்டா. திரும்பிற திகதியைக் கம்பெனி உறுதியாச் சொல்லாததால ரெண்டு டிக்கட்டையும் தனித்தனியா எடுக்கவேண்டி வந்திட்டு. டவுனில ஒரு ஏஜென்சியில நான்தான் எடுத்தன். ஜூலை தொடக்கத்தில தோஹாவில இருந்து வர 121,000 ரூபா. அமாவாசை முடிஞ்சு மூண்டாம் நாள் போக 58,000.

தீர்த்தம் முடிஞ்சு வந்து எல்லாரும் சாப்பிட இருக்கக்குள்ள மச்சான் கேட்டார்: "பாதிக்குப் பாதி வித்தியாசமா? மிச்சம் ஆருட பொக்கற்றுக்க போச்சு?" தம்பி தலையைக் குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சிட்டு இருந்தான். மச்சான் கேட்டதை விட அவன் வாய் திறக்காம இருந்ததுதான் எனக்கு இண்டைக்கும் நோகுது. ரெண்டு ரிசீட்டும் இன்னும் அலுமாரிக்குள்ள கிடக்கு.

நான் ஏஜென்ட் இல்ல. அவமானத்தில தேடிப் படிச்சதைத்தான் சொல்லுறன். வளைகுடாவில ஜூன் கடைசியில பள்ளிக்கூடம் விட்டா வெயிலுக்குத் தப்பிக் குடும்பம் குடும்பமா ஊருக்கு வருவாங்க. வாற பிளேன் நிரம்பும், அதே பிளேன் திரும்பிப் போகக்குள்ள சீட் காயும். ஆகஸ்ட் கடைசியில இது தலைகீழ். ஒரே எகொனமி சீட்டையே பல விலைப் படியாப் பிரிச்சு, படிக்கு இத்தினை சீட் எண்டு வைச்சிருப்பாங்க. மலிவான படி முடிஞ்சா அடுத்த படிதான். சித்திரை வருசத்துக்கு முதல் நாள் கொழும்பு பஸ் எங்கட பக்கம் நெரிஞ்சு வந்து, வெறுமையாத் திரும்பிற மாதிரித்தான். பஸ்ஸில கட்டணம் மாறாது, பிளேனில மாறும்.

வரியும் இருக்கு. லண்டனில இருந்து பறந்தா பிரித்தானியா பயணிகள் வரி எடுக்கும், அங்க வந்து இறங்கிறவருக்கு அது இல்ல. காசின்ர பெறுமதியும் சேரும். 2022 மார்ச்சில டொலர் 200 ரூபா அளவில இருந்து மே மாசம் 360க்குப் போகக்குள்ள, ஒரே டொலர் விலை டிக்கட் இங்க எப்பிடி ஏறியிருக்கும் எண்டு பாருங்க.

ஏஜென்சிக்காரர் எல்லாரும் சுத்தம் எண்டு சொல்ல வரல்ல. மேல கொஞ்சம் வைக்கிற ஆக்களும் இருக்கிறாங்க. ஆனா இவ்வளவு வித்தியாசம் அதால வராது. திகதி நிச்சயம் எண்டா போக வர ஒண்டா எடுங்க. பெரிய விமானக் கம்பெனிகளில ஒருவழி டிக்கட் அதில பாதியை விடக் கூடவா இருக்கிறது வழமை.

இதை விட எனக்குப் பொறுக்காதது கொழும்புப் பக்கம் இருக்கிற கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போற பயணம். மட்டக்களப்பிலயே விமான நிலையம் கிடக்கு, கட்டார் பிளேன் ஒண்டும் அங்க இறங்கிறல்ல. ஒரு ஆளைக் கூட்டி வர ஏழெட்டு மணித்தியாலம் வேனில போகவேணும், அவ்வளவும் திரும்பி வரவேணும். வேன்காரர் ஒரு பக்கம் வெறுமையா ஓடுறதுக்கும் எங்களிட்டத்தான் காசு எடுக்கிறார். அந்தக் காசைக் குடுத்ததும் நான்தான். அதை மச்சான் கேக்கல்ல.

போன மாசம் தம்பி திரும்பவும் டிக்கட் பார்க்கச் சொன்னான். திகதியையும் விலையையும் பார்த்துச் சொன்னன். காசை நேரா ஏஜென்சிக்கே போடச் சொல்லிட்டன்.