சுவரே இல்லாத இடத்துல காத்தோட அழுத்தம்னா என்ன?

"விசையைப் பரப்பளவால வகுத்தா அழுத்தம்னு படிச்சேன், நடுக்காத்துல சுவரே இல்லையே, அங்க எது எதை அழுத்துது?"ன்னு கேட்டிருக்கீங்க. கிளாஸ்ல இதைக் கேட்டு "ஃபார்முலாவை எழுது, மார்க் வரும்"னு பதில் வாங்கிட்டுத்தான் இங்க வந்திருப்பீங்க.

எனக்கு நடந்தது வைவாவுல. அழுத்தம்னா என்னன்னு கேட்டாங்க, ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியா நொடிக்கு எவ்வளவு மொமெண்டம், அதாவது நிறையை வேகத்தால பெருக்கினது, கடத்தப்படுதுங்கறதுதான்னு ஆரம்பிச்சேன். வெளிய இருந்து வந்த எக்ஸாமினர் முடிக்கவே விடல, "அது மெக்கானிக்ஸ், நான் கேட்டது ஹீட்"னுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இன்னும் ஆறல. 1738-லயே டேனியல் பெர்னூலிங்கற விஞ்ஞானி, வாயுத்துகள் சுவத்துல மோதுறதுதான் அழுத்தம்னு எழுதிட்டார். 1845-ல வாட்டர்ஸ்டன்னு ஒருத்தர் இதை இன்னும் விரிவா எழுதி ராயல் சொசைட்டிங்கற பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்துக்கு அனுப்பினா, அபத்தம்னு சொல்லி ஓரங்கட்டிட்டாங்க, அது அச்சானது 1892-ல, மனுஷன் செத்து ஒன்பது வருஷம் கழிச்சு. கேக்கற இடத்துல உக்காந்திருக்கவங்க கொஞ்சம் காது குடுத்தா என்ன?

சரி, விஷயத்துக்கு வரேன். ஒரு மாலிக்யூல் சுவத்துல நேரா மோதி அதே வேகத்துல திரும்புதுன்னா அதோட மொமெண்டம் அப்படியே தலைகீழாகுது, அதனால சுவத்துக்குப் போறது அதைப்போல ரெண்டு மடங்கு. ஒரு மோதல்ல வர்றது ரொம்பச் சின்னது, ஆனா சாதாரணக் காத்துல ஒரு சதுர சென்டிமீட்டர்ல நொடிக்கு 10-இன் அடுக்கு 23 தடவைக்கும் மேல மோதல் நடக்குது, அதான் விட்டு விட்டு அடிக்கிற மாதிரி இல்லாம சீரா தள்ளுது. நீங்களே போட்டுப் பாருங்க, காத்தோட அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ, மாலிக்யூல் வேகம் சுமாரா நொடிக்கு 500 மீட்டர், வேகத்தை வர்க்கமாக்கி அடர்த்தியால பெருக்கி, மூணு திசை இருக்கறதால 3-ஆல வகுத்தா 1 லட்சம் பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் வந்து நிக்குது!

இப்ப சுவத்தை எடுத்துடுங்க, அந்த இடத்துல சும்மா ஒரு தளத்தைக் கற்பனை பண்ணுங்க. இடப்பக்கத்து மாலிக்யூல்கள் வலப்பக்க மொமெண்டத்தோட உள்ள போகுது. வலப்பக்கத்துல இருந்து வெளிய வர்றது இடப்பக்க மொமெண்டத்தை எடுத்துட்டு வருது. ரெண்டும் அடிபட்டுப் போயிடும்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. வலப்பக்கம் இருக்கற காத்தோட கணக்கைப் பாருங்க, வலது நோக்கின மொமெண்டம் வரவு, இடது நோக்கினது செலவு, ரெண்டுமே அதை வலது பக்கம் தள்ளுற கணக்குதான். ஆக சுவர் வாங்கின அதே ரெண்டு மடங்கு. உங்க கேள்விக்குப் பதில் அதுதான், அந்தப் பக்கக் காத்தை இந்தப் பக்கக் காத்து அழுத்துது.

"தண்ணிக்கு இது ஒத்துவராது"ன்னு யாராவது வருவீங்க. தண்ணியில மாலிக்யூல்கள் நெருக்கமா இருக்கு, ஒண்ணை ஒண்ணு தள்ளுற விசையையும் சேத்துக்கணும், அந்த 3-ஆல வகுக்கற கணக்கு அங்க செல்லாது, ஒத்துக்கறேன். ஆனா விசைங்கறதே நொடிக்கு இவ்வளவு மொமெண்டம் கைமாறுதுங்கறதுதானே, அதனால அழுத்தம்னா என்னங்கற பதில் தண்ணிக்கும் அதேதான்.