லூத்தரன் பள்ளியில் சேர்த்தால் அறிவியல் வருமா?

கேள்வி: அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பக்கத்தில் குடியிருக்கிறோம். மகளுக்கு நாலு வயது முடியப்போகிறது. வீட்டுக்கு அருகில் ஒரு லூத்தரன் பள்ளி, ப்ரீஸ்கூலிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இருக்கிறது. போய்ப் பார்த்தோம், பிடித்திருந்தது. ஆனால் நண்பர்கள், “சர்ச் பள்ளியில் அறிவியல் உருப்படாது” என்று பயமுறுத்துகிறார்கள். நாங்கள் இந்துக் குடும்பம். சேர்க்கலாமா?

பதில்: நண்பர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அது உங்கள் மகளுக்குப் பதினோரு, பன்னிரண்டு வயதாகும்போது வரவேண்டிய கவலை. இப்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வகுப்பு டீச்சருக்குக் குழந்தையின் கேள்விக்குக் காது கொடுக்கப் பொறுமை இருக்கிறதா?

நாலு வயதில் அறிவியல் என்றால் என்ன? ஒரு தொட்டித் தண்ணீர், நாலைந்து கூழாங்கல், ஒரு மரக்கட்டை. “எது மூழ்கும்?” என்று முதலில் கேட்க வேண்டும். பெரியதுதான் மூழ்கும் என்று குழந்தை அடித்துச் சொல்லும். போட்டால் கட்டை மிதக்கிறது, சின்னக் கல் அடியில் கிடக்கிறது. அப்போது குழந்தையின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! அந்த நேரத்தில் டீச்சர் காரணத்தை விளக்கத் தொடங்கினால் காரியம் கெட்டது. “அப்படியா, வேறு எதைப் போட்டுப் பார்க்கலாம்?” என்று கேட்பவர்தான் நல்ல டீச்சர். ஊகம் சொல்வது, செய்து பார்ப்பது, ஊகத்தை மாற்றிக்கொள்வது. இந்த வயதுக்கு இவ்வளவே போதும். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி எரிமலை பொங்கவைத்துக் கைதட்டுவதைப் பல பள்ளிகள் அறிவியல் என்று காட்டும். என்னைக் கேட்டால் அது வாணவேடிக்கை.

பல மாநிலப் பாடத்திட்டங்களுக்கு அடிப்படையாக இருக்கிற 2013-ஆம் ஆண்டு அறிவியல் தரநிலைகளில் கிண்டர்கார்டனுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? தள்ளுவது, இழுப்பது, வெயில், மழை, செடிக்கும் பிராணிக்கும் உயிர்வாழ என்ன வேண்டும் என்பது. பைபிளோடு மோத இதில் எதுவும் இல்லை. புதைபடிவங்கள் மூன்றாம் வகுப்பில் எட்டிப் பார்க்கின்றன. பரிணாமத்தை விளக்கும் ‘இயற்கைத் தேர்வு’ (natural selection) விரிவாக வருவது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள்.

இடையில் ஒரு கதை. கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840-இல் வைத்த ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் ஒரு லூத்தரன் போதகரின் மகன். பந்து, உருளை, கனசதுரம் எல்லாம் குழந்தை கையில் கொடுத்து, ஆளுக்கொரு பாத்தியும் ஒதுக்கிச் செடி வளர்க்கச் சொன்னவர். நாத்திகம் பரப்புகிறது என்று குற்றம்சாட்டி 1851-இல் பிரஷ்ய அரசு அவருடைய முறையையே தடை செய்தது! தடை நீங்க ஒன்பது வருடம் ஆயிற்று. அமெரிக்காவில் வெற்றிகரமாக நடந்த முதல் அரசுக் கிண்டர்கார்டன் 1873-இல் தொடங்கியதும் உங்கள் செயின்ட் லூயிஸில்தான். தொடங்கியவர் சூசன் ப்ளோ.

இப்போது நண்பர்களின் பயத்துக்கு வருவோம். ‘லூத்தரன்’ என்பது ஒரே சபை இல்லை. உங்கள் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட மிசௌரி சினாட் என்ற லூத்தரன் சபை, உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்று 1932-லேயே எழுத்தில் வைத்திருக்கிறது. 1988-இல் பல சபைகள் இணைந்து உருவான இவாஞ்சலிகல் லூத்தரன் சர்ச், பரிணாமத்தோடு சண்டைக்கு நிற்பதில்லை. அதனால் பள்ளி எந்தச் சபையைச் சேர்ந்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்கிற படைப்புவாதத்தை அறிவியல் பாடமாக வைக்கக்கூடாது என்ற 1987-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான். தனியார் பள்ளியை அது கட்டுப்படுத்தாது. ஆகவே ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை வாங்கி, பூமியின் வயது என்ன போட்டிருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. விடை பிடிக்கவில்லை என்றாலும் ப்ரீஸ்கூலை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மத விஷயத்தில் ஒளிவுமறைவு இருக்காது. ஸ்னாக்ஸுக்கு முன் ஜெபம், வாரத்தில் ஒருநாள் சாப்பல் என்கிற வழிபாடு, மனப்பாட வசனம் எல்லாம் உண்டு. அதில் உங்களுக்கு ஒப்புதல் இல்லையென்றால் இந்தப் பள்ளி சரிப்படாது. சேர்த்துவிட்டு, சாப்பலுக்கு அனுப்பாதீர்கள் என்று மல்லுக்கட்டுவது குழந்தையைத்தான் வாட்டும். “அம்மா, உலகத்த ஆறு நாள்ல செஞ்சாங்களாமே?” என்று கேட்டுக்கொண்டு வருவாள். “உங்க டீச்சர் அப்படிச் சொல்றாங்க, பாட்டி வேற கதை சொல்வாங்க, பாறையத் தோண்டிப் பாக்குறவங்க ரொம்ப ரொம்ப வருஷம் ஆச்சுன்னு சொல்றாங்க” என்றால் போதும். மூன்றையும் வைத்துக்கொள்ள அவள் மனதில் இடமிருக்கிறது.

அடுத்த முறை போகும்போது பெற்றோருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுகிற ஓப்பன் ஹவுஸ் நாளைத் தவிர்த்து, சாதாரண நாளில் காலை பத்து மணிக்குப் போங்கள். நாலு வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு ஒரு பெரியவராவது இருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய படங்கள் இருபதும் ஒரே அச்சாக இருந்தால் அங்கே டீச்சர்தான் வேலை செய்கிறார் என்று அர்த்தம். பூதக்கண்ணாடி பிள்ளைகள் கைக்கெட்டும் தட்டில் இருக்கிறதா, அலமாரி உச்சியிலா? டைரக்டரிடம், “போன வாரம் பிள்ளைகள் கேட்டதில் உங்களுக்கே விடை தெரியாத கேள்வி எது?” என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னால், சேர்க்கை விண்ணப்பத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.