ராத்திரி 2 மணி வரை படிப்பு, பகல் 10 மணி வரை தூக்கம்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அரையாண்டு லீவு விட்டதிலிருந்து கடுங்காப்பி குடித்துக்கொண்டு ராத்திரி 2 மணி வரை படிக்கிறாள். எழுந்திருக்க 10 மணி ஆகிறது. சாயங்காலமானால் தலைவலி. "படிச்சது எதுவும் மண்டையில நிக்கல" என்று அழுகிறாள். இரண்டு நாள் பாட்டி ஊருக்குப் போய் வரலாம் என்றால் வர மாட்டேன் என்கிறாள். என்ன செய்யலாம் டாக்டர்?

பதில்: அம்மா, கணக்குப் பார்த்தால் உங்கள் மகள் 8 மணி நேரம் தூங்குகிறாள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும், ஆக அளவில் பெரிய குறையில்லை. தூங்கும் நேரம்தான் தப்பு. பொதுத்தேர்வு ஆரம்பிப்பது காலை 10 மணிக்கு. அந்த நேரத்தில் அவள் மூளை இப்போது தூங்கிப் பழகிக்கொண்டிருக்கிறது.

காப்பியும் சும்மா இருக்காது. ராத்திரி 11 மணிக்குக் குடித்தால் அதிலுள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி விடியற்காலை 4 மணிக்கும் உடம்பில் இருக்கும். தூங்கினாலும் ஆழ்ந்த தூக்கம் குறையும். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான். சாயங்காலம் 4 மணிக்கு மேல் காப்பி, டீ வேண்டாம்.

அதற்காக நாளைக்கே 4 மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பிவிடாதீர்கள். பதின்வயதில் தூக்கம் வருவதே தாமதமாகத்தான். அது பிடிவாதமில்லை, உடம்பின் கடிகாரம். தினமும் அரைமணி முன்னதாக எழுப்புங்கள். எழுந்ததும் மொட்டைமாடியில் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நிற்கட்டும். ஒரு வாரத்தில் ஆறரை, ஏழுக்கு வந்துவிடலாம். ராத்திரி பத்தரைக்குப் படுக்கை.

மண்டையில் நிற்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். போன வருடம் ஒரு பையன் வேதியியல் புத்தகத்தோடு வந்தான். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், கோடு போடாத வரியே இல்லை. "மூடிட்டுச் சொல்லு" என்றேன். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. நாலு தடவை வாசித்ததால் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு தடவை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், பரவாயில்லை. முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கட்டும். அந்த இடைவேளையில் கையில் செல்போன் இருந்தால் அது ஓய்வே இல்லை.

தலைவலிக்குக் காலைச் சாப்பாடு தவறுவதே போதும். 10 மணிக்கு எழுபவள் நேராக மதியச் சோறுதான் சாப்பிடுவாள் என்று நினைக்கிறேன். தண்ணீரும் கவனியுங்கள். கண்ணை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்; கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ இருந்து தெரியாமல் போயிருக்கலாம். எழும்போதே தலைவலியும் வாந்தியும் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் பிடிக்காமல் இருந்தாலோ, "இருந்து என்ன பயன்" என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சரி, பாட்டி ஊர். கட்டாயம் கூட்டிப் போங்கள், புத்தகப் பை வீட்டிலேயே இருக்கட்டும். நாளெல்லாம் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, இரண்டு நாள் விட்டு நினைவுபடுத்திப் பார்த்தால்தான் பாடம் அதிகம் தங்கும். இதை அவளிடமே சொல்லுங்கள், ஒருவேளை வருவாள். திரும்பி வந்த அன்று, போகும் முன் படித்த ஒரு பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பார்க்கட்டும்.