அணு உலைக்குள் போய்ப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? பயமாக இருக்குமா?

போயிருக்கிறேன், அதுவும் அப்பாவோடு. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் 28 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தங்கச்சி குடும்பம் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறது. அங்கே போனபோது மலை, அருவி எல்லாம் அப்பாவுக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிட்டது. மாப்பிள்ளைதான் இ.பி.ஆர்-1 என்ற பழைய அணு உலை இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார். ஐடஹோ ஃபால்ஸிலிருந்து மேற்கே சுமார் 80 கிலோமீட்டர். வழி முழுக்கப் பொட்டல் காடு.

1951 டிசம்பர் 20 அன்று அணுசக்தியில் எடுத்த மின்சாரத்தால் நாலு 200 வாட் பல்புகளை எரியவிட்டது இங்கேதான். மறுநாள் அந்தக் கட்டடத்துக்கே கரண்ட் கொடுத்தார்கள். எங்கள் எண்ணூர் 450 மெகாவாட்டைப் பார்த்தவருக்கு நாலு பல்பு என்றதும் சிரிப்பு வந்துவிட்டது.

டர்பைனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சுற்றிச் சுற்றி வந்தார். "இது நம்ம டர்பைன்தான்டா, குட்டி போட்டிருக்கு. அடுப்பு மட்டும்தான் வேற."

அந்த அடுப்பு, அதாவது உலைக்கரு, உரிக்காத தேங்காய் அளவுதான். சூட்டை எடுத்துவருவது தண்ணீர் இல்லை. சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகம். தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் உலைக்குள் போய்வருகிற உலோகம் ஒரு சுற்று, அதனிடமிருந்து சூட்டை வாங்கித் தண்ணீரை ஆவியாக்க இன்னொரு சுற்று. இதை நான் விளக்கியதும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "சாம்பல் எங்க போவுது?"

சாம்பல் குட்டை பக்கத்தில் வாழ்ந்தவர் வேறென்ன கேட்பார்! இதில் புகை இல்லை, ஆனால் எரிந்து மிஞ்சுவது ஆயிரக்கணக்கான வருஷம் ஆபத்தானது என்றேன். இன்னொன்றும் சொன்னேன்: இது ஈனுலை, அதாவது எரியும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலை. யுரேனியம்-238 நியூட்ரானை வாங்கி புளுட்டோனியமாக மாறும், அதையும் எரிக்கலாம். 1953-இல் இங்கே அதை நிரூபித்தார்கள். "கரி எரிச்சா கரி வருமா? போடா" என்றார். கல்பாக்கத்தில் 1985-இல் ஓடத் தொடங்கிய சோதனை ஈனுலையும் இதே வம்சம்தான் என்ற பிறகுதான் நம்பினார்.

பயம் பற்றிக் கேட்டீர்கள். 1955 நவம்பரில் ஒரு சோதனையின்போது உலைக்கருவில் ஒரு பகுதி உருகியது உண்மை. ஆனால் உலை நின்று அறுபது வருஷத்துக்கு மேலாகிறது, எரிபொருளையும் எடுத்துவிட்டார்கள். கன்ட்ரோல் ரூமில் உலையை அவசரமாக நிறுத்தும் பட்டன் இருக்கிறது, நாமே அழுத்திப் பார்க்கலாம். அப்பா மூன்று தடவை அழுத்தினார். மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும், நுழைவு இலவசம். வெளியே விமானத்தை அணுசக்தியில் ஓட்டப் பார்த்த இரண்டு ராட்சச உலைகள் நிற்கின்றன, அதைத் தவறவிடாதீர்கள்.

பல்பு எரிந்தபோது அங்கே வேலை பார்த்தவர்கள் சுவரில் சாக்பீஸால் பேர் எழுதியிருக்கிறார்கள். அப்பா அதை மட்டும்தான் போட்டோ எடுக்கச் சொன்னார். திரும்பி வந்ததும் எர்ணாவூர் டீக்கடையில் போனை நீட்டிப் பெருமையாகக் காட்டினார்.

கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா தலைவரே, பால் கணக்கா?" என்றார்.